ஐந்துக்கு எட்டு குளியலறை: எதை எங்கே வைப்பது?

புதிய அடுக்குமாடி வீட்டில் குளியலறையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் டைல்ஸ் நிறத்தில்தான் தொடங்குகிறது. டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் சில வருடம் கழித்துப் பெயர்த்துவிட்டு வேறு போடலாம். கழிவறைக் கோப்பையின் பெரிய குழாயை அப்படி மாற்றிவிட முடியாது. அது தரைக்கு அடியில் ஓடுகிறது. பல கட்டடங்களில் கீழ்வீட்டின் கூரையை ஒட்டித் தொங்குகிறது. அதைத் தொட வேண்டுமென்றால் கீழே குடியிருப்பவரின் சம்மதமும் வேண்டும். அதனால் கோப்பை எங்கே, ஷவர் எங்கே, வாஷ் பேசின் எங்கே என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மற்ற எதற்கும் போக வேண்டும்.

இந்த மூன்றையும் எப்படி வைத்தாலும் குளியலறை இயங்கும். மாறுவது ஒன்றுதான்: ஈரத் தரையில் யார் கால் வைக்கிறார்கள், எத்தனை முறை வைக்கிறார்கள் என்பது. ஒருவர் குளித்துவிட்டு வெளியே வந்த பிறகு, கை கழுவப் போகிறவரும், அரைத்தூக்கத்தில் கழிவறைக்குப் போகிறவரும் அதே ஈரத்தை மிதிக்க வேண்டியிருக்கிறதா? ஓர் அமைப்பு நல்லதா இல்லையா என்று பார்க்க நான் முதலில் கேட்கும் கேள்வி இது. வழுக்கி விழுவதும், அறையில் ஈர வாடை நிற்பதும், கதவின் அடிப்பாகம் ஊறிப்போவதும் பெரும்பாலும் இதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒப்பிட ஓர் அளவு வேண்டும். அடுக்ககங்களில் அடிக்கடி பார்க்கிற ஐந்து அடிக்கு எட்டு அடியை எடுத்துக்கொள்வோம். தோராயமாக 1500 மி.மீ. அகலம், 2400 மி.மீ. நீளம். கதவு ஒரு குறுகிய சுவரில், ஜன்னல் எதிர்க் குறுகிய சுவரில். உங்கள் வரைபடத்தில் இருக்கும் அளவு பூச்சுக்கு முந்தையதா, டைல்ஸ் ஒட்டிய பிறகு மிஞ்சுவதா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒரு சுவருக்கு 25 மி.மீ. எடுத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 5 செ.மீ. போய்விடும். பெரிய அறையில் இது ஒன்றுமில்லை. ஐந்து அடி அகலத்தில் அந்த 5 செ.மீ.தான் முழங்கால் இடிக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

உடம்புக்கு வேண்டிய இடம்

கோப்பையின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் குறைந்தது 15 அங்குலம், அதாவது சுமார் 380 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கோப்பைக்கு முன்னால் குறைந்தது 21 அங்குலம், சுமார் 530 மி.மீ. காலியாக இருக்க வேண்டும் என்று சர்வதேச பிளம்பிங் விதித்தொகுப்பு சொல்கிறது. இவை கடைசி எல்லைகள். வசதியான அளவுகள் அல்ல. பக்கத்தில் 400 முதல் 450, முன்னால் 600க்கு மேல் கிடைத்தால் உட்கார்ந்து எழுவது இயல்பாக இருக்கும். ஷவருக்கு அதே விதித்தொகுப்பு 30 அங்குலச் சதுரத்தை, அதாவது சுமார் 760 மி.மீ.யைக் குறைந்த அளவாக வைத்திருக்கிறது. அதற்குள் நின்று குளிக்கலாம், குனிந்து கால் தேய்க்க முடியாது. 900 இருந்தால்தான் உடம்பு தடையில்லாமல் திரும்பும். பேசினுக்கு 500 முதல் 600 அகலம் போதும். அதன் முன் ஒருவர் குனிந்து முகம் கழுவ 600 வேண்டும்.

இந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அமைப்புகளைப் பார்க்கலாம்.

ஒரே சுவரில் வரிசையாக

நீளச் சுவர் ஒன்றில் கதவுப் பக்கமிருந்து பேசின், அடுத்து கோப்பை, கடைசியில் ஜன்னலுக்கு அடியில் ஷவர். கணக்குப் போட்டால் கச்சிதமாகப் பொருந்துகிறது: பேசினுக்கு 600, கோப்பைக்கு 800, ஷவருக்கு 1000, மொத்தம் 2400. கோப்பை சுவரிலிருந்து 700 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் முன்னால் 800 மிஞ்சும். 450 ஆழமுள்ள பேசினைத் தாண்டி 1050 நடைவழி கிடைக்கிறது. கதவை எதிர்ப் பக்கத்துக்கு ஒதுக்கினால் நிலையோடு சேர்த்து தாராளமாக உட்காரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அறை உலர்ந்த பக்கத்திலிருந்து ஈரமான பக்கத்துக்குப் படிப்படியாகப் போவது. கை கழுவ வருபவர் இரண்டு எட்டு வைத்தால் போதும். கழிவறைக்கு வருபவர் நடு அறையோடு நின்றுவிடுவார். குளிப்பவர் மட்டும்தான் ஈரத்துக்குள் போகிறார். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் ஒரே சுவரை ஒட்டிப் போவதால் வளைவுகளும் இணைப்புகளும் குறைகின்றன. கசிவு வருவது பெரும்பாலும் இணைப்புகளில்தான். அவை குறைவாக இருந்தால் கசியக்கூடிய இடங்களும் குறைவு.

குறையும் உண்டு. பேசினுக்குப் பக்கத்தில் பொருள் வைக்கும் மேடை கிட்டத்தட்ட இல்லை. கோப்பையும் பேசினும் ஒட்டி இருப்பதால், பேசின் 600க்கு மேல் அகலமானால் கோப்பையில் உட்காருபவரின் தோளுக்கு இடம் குறையும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியைச் சுவரில் ஏற்றிவிட்டால் முதல் குறை பாதி தீரும். இரண்டாவதற்கு, பேசினைச் சின்னதாகத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வழி கிடையாது.

எதிரெதிர்ச் சுவர்களில்

ஒரு நீளச் சுவரில் பேசின், எதிர்ச் சுவரில் கோப்பை, கடைசியில் ஷவர். வரைபடத்தில் அழகாகத் தெரியும். ஐந்து அடி அகலத்தில் கணக்கு இடிக்கிறது: கோப்பை 700, பேசின் 450, இரண்டும் நேருக்கு நேர் வந்தால் நடுவில் மிஞ்சுவது 350 மி.மீ. அதில் ஒருவர் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். ஒன்றுக்கொன்று தள்ளிவைத்தால் சமாளிக்கலாம். ஆனால் அப்போது ஷவரின் நீளம் குறையும்.

அகலம் 1800ஐத் தாண்டினால் பேச்சே வேறு. அங்கே இந்த அமைப்பு வரிசை அமைப்பை வெல்கிறது: பேசினுக்கு நீண்ட மேடை, பெரிய கண்ணாடி, கீழே இழுப்பறை, ஒருவர் பல் துலக்கும்போது இன்னொருவர் ஷவருக்குப் போக இடம் என்று எல்லாம் அமைகிறது. கதவு நீளச் சுவரின் நடுவில் வருகிற வீடுகளிலும் இதுவே சரி. அங்கே வரிசை அமைப்பைத் திணித்தால் கதவைத் திறந்ததும் கோப்பைதான் முகத்தில் நிற்கும். பேசினின் கழிவுக் குழாய் அறையின் குறுக்கே தரைக்கடியில் போக வேண்டியிருப்பது ஒரு சின்ன விலை. அது சிறிய குழாய் என்பதால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை; வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சாய்வு, சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கோப்பை கடைசியில்

கட்டுநர்கள் தரும் வரைபடங்களில் இது நிறைய வருகிறது: ஜன்னலுக்கு அடியில் கோப்பை, நடுவில் ஷவர், கதவருகே பேசின். கழிவுக் குழாய்கள் இறங்கும் டக்ட் ஜன்னல் பக்கம் இருப்பதால், கோப்பையை அதை ஒட்டி வைத்துவிட்டால் பெரிய குழாயின் நீளம் மிகக் குறையும். குழாய்க்கு இது நல்லதுதான். அறையில் வாழ்பவர்களுக்கு நல்லதல்ல. கழிவறைக்குப் போகும் ஒவ்வொருவரும் ஷவர் இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இரவில் எழுந்து போகிற முதியவரும் அதே ஈரத்தில்தான் நடக்க வேண்டும். ஷவரைக் கண்ணாடியால் அடைக்கவும் முடியாது, ஏனென்றால் அதுதான் நடைவழி.

இந்த அமைப்பை வரைபடத்தில் பார்த்தால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். கோப்பையை நடு அறைக்கு, அதாவது சுமார் ஒன்றரை மீட்டர் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். குளியலறையின் தளத்தை மட்டும் தாழ்த்தி வார்த்திருந்தால் — சங்கன் ஸ்லாப் என்று கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான் — பெரும்பாலும் முடியும். கோப்பைக் குழாய்க்கு வழக்கமான விட்டம் 110 மி.மீ. அதற்கு 40க்கு 1 என்ற வாட்டம் கொடுத்தால் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு இறக்கம் 40 மி.மீ.கூட வராது. தாழ்வு 300 மி.மீ. இருக்கிற இடத்தில் குழாயும் வளைவும் இறக்கமும் சேர்ந்து உள்ளே அடங்கிவிடும். தாழ்வு நிரப்பப்படுவதற்கு முன் கேட்டால் இது அரைநாள் பேச்சு. நிரப்பித் தளம் போட்ட பிறகு கேட்டால் உடைப்பு வேலை.

தளம் தாழ்த்தப்படவில்லை, குழாய்கள் நேராக ஸ்லாபைத் துளைத்துக் கீழ்வீட்டுக் கூரைக்கு அடியில் போகின்றன என்றால் கோப்பையை அது இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது. அப்போது மாற்ற வேண்டியது ஷவரை. கோப்பைக்குப் பக்கத்தில், அதே ஜன்னல் சுவரின் மறுமூலையில் 700க்குக் குறைவான இடம்தான் கிடைக்கும். அதில் ஷவர் வராது. ஆகவே ஷவரை ஒரு நீளச் சுவரோடு ஒதுக்கி, சுமார் 850 அகலத்தில் திரைச்சீலையோ மடக்குக் கண்ணாடியோ போட்டு, எதிர்ப் பக்கம் 600 மி.மீ. உலர்ந்த பாதையை எப்படியாவது மிச்சப்படுத்த வேண்டும். நெருக்கடிதான். ஆனால் முழு அறையும் நனைவதைவிட இது எவ்வளவோ மேல்.

கழிவறை தனி, குளியல் தனி

நாலைந்து பேர் இருக்கிற வீட்டில் ஒரே ஒரு குளியலறை என்றால் நான் முதலில் யோசிப்பது இதைத்தான். 2400 நீளத்தில் 900 கழிவறைக்கு, 100 நடுச்சுவருக்கு, மீதி 1400 குளியலுக்கும் பேசினுக்கும். ஒருவர் குளிக்கும் நேரத்தில் இன்னொருவர் காத்திருக்க வேண்டாம். கழிவறைத் தரை எப்போதும் காய்ந்தே இருக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலையும் கொஞ்சம் கூடத்தான். இரண்டு கதவுகள் வேண்டும், இரண்டும் நீளச் சுவரில் வர வேண்டும். அதாவது அந்தச் சுவருக்கு வெளியே நடைவழி இருக்க வேண்டும். ஜன்னல் ஒரு பக்கத்துக்குத்தான் கிடைக்கும். மறுபக்கத்துக்குத் தனியாக எக்ஸாஸ்ட் ஃபேன். கழிவறைக்குள் கை கழுவச் சின்ன மூலைப் பேசின் இல்லையென்றால், கழுவாத கையால் இரண்டு கதவுகளைத் தொட வேண்டிவரும். 900 அகல அறையில் உள்நோக்கித் திறக்கும் கதவு வைக்கவே கூடாது. சக்கர நாற்காலி பின்னாளில் தேவைப்படலாம் என்றால் இந்த அமைப்பை விட்டுவிடுங்கள். திரும்ப 1500 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும், அது இந்த இரண்டு அறைகளிலும் கிடைக்காது.

வீட்டில் இரண்டு குளியலறைகள் இருந்தால் இவ்வளவு சிரமம் தேவையில்லை.

ஈரம் எங்கே நிற்க வேண்டும்

அமைப்பு முடிவான பிறகு அடுத்த பெரிய தேர்வு, ஷவரை எதால் பிரிப்பது என்பது. முழுக் கண்ணாடி அடைப்பு, ஒரே ஒரு நிலையான கண்ணாடி, திரைச்சீலை என்று மூன்று வழிகள்.

முழு அடைப்பு தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் கீல், ரப்பர் பட்டை, கைப்பிடி எல்லாம் பராமரிப்பு கேட்கும்; உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் கண்ணாடி சீக்கிரம் மங்கும். கதவு திறக்கும் வட்டத்துக்கும் இடம் வேண்டும். வரிசை அமைப்பில் இந்த வட்டம் கோப்பைக்கு முன்னால் வந்து விழுகிறது.

ஒற்றைக் கண்ணாடியே என் தேர்வு. 1500 அகலத்தில் 900 மி.மீ. கண்ணாடி, 600 திறப்பு. கதவில்லை, கீலில்லை, துடைப்பது எளிது. இது சரியாக வேலை செய்ய ஷவர் தலை கண்ணாடிக்குப் பின்னால், திறப்பிலிருந்து விலகிய மூலையில் இருக்க வேண்டும். கூடவே, திறப்பின் வழியாகக் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் குழாய்த் திருகு இருக்க வேண்டும். சுடுதண்ணீர் வரும்வரை குளிர்ந்த நீர் தலையில் கொட்டாது. திருகையும் ஷவர் தலையையும் ஒரே செங்குத்துக் கோட்டில் வைப்பது வழக்கமாகிவிட்டது என்பதற்காக நாமும் அப்படி வைக்க வேண்டியதில்லை. சுவருக்குள் குழாய் கொஞ்சம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். கண்ணாடி 8 அல்லது 10 மி.மீ. கனத்தில் டஃப்பண்ட், அதாவது கடினமாக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். அது உடைந்தால் கூரிய துண்டுகளாக அல்லாமல் சிறு சிறு மணிகளாக நொறுங்கும்.

திரைச்சீலையை மட்டமாக நினைக்க வேண்டாம். இன்னொருவர் உதவியோடு குளிக்கும் முதியவருக்கு, குழந்தையைக் குளிப்பாட்டும் பெற்றோருக்கு, நாற்காலி போட்டுக் குளிப்பவருக்கு அதைப்போல இடம் தருவது எதுவும் கிடையாது. துவைத்துக் காயப்போட வேண்டும், அதுவே அதன் சிரமம்.

எதைப் போட்டாலும் தரையின் வாட்டம் தவறினால் எல்லாம் வீண். ஷவர் பகுதியில் 60க்கு 1 என்று வைத்தால் ஒரு மீட்டருக்கு 16-17 மி.மீ. இறக்கம், தண்ணீர் நிற்காது, நிற்பவருக்கும் சாய்வு தெரியாது. நடுவில் சதுர வடிகால் வைத்தால் தரை நாலு பக்கமிருந்தும் அதை நோக்கிச் சரிய வேண்டும். பெரிய டைல்ஸ் என்றால் மூலைவிட்டமாக வெட்டியாக வேண்டும். சின்ன டைல்ஸ் என்றால் தானாகவே வளைந்துகொடுக்கும், ஆனால் இணைப்புக் கோடுகள் அதிகம். சுவரை ஒட்டி நீள வடிகால் வைத்தால் ஒரே பக்கமாகச் சரித்தால் போதும், பெரிய டைல்ஸை வெட்டாமல் பதிக்கலாம், கொத்தனாருக்கும் பிழை செய்ய இடம் குறைவு. விலை சற்றுக் கூடினாலும் நான் நீள வடிகாலைத்தான் சொல்வேன். ஷவர் பகுதியையும் உலர்ந்த பகுதியையும் பிரிக்க உயரமான திண்டு கட்ட வேண்டாம்; 10-12 மி.மீ. தரை இறக்கம் போதும். திண்டு ஒரு நாள் யாராவது ஒருவரின் காலைத் தடுக்கும்.

வழுக்காத் தன்மைக்கு டைல்ஸ் பெட்டியில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போகும் எண்கள் காலணி அணிந்து நடப்பதற்கான சோதனை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகைப்பாடு உண்டு; அது ஜெர்மானியத் தரமான டின் 51097இலிருந்து வந்தது. ஷவர் தரைக்கு அதில் பி வகை பொருத்தம். குளியலறையில் நாம் வெறுங்காலோடுதான் நிற்கிறோம் என்பதால் இந்த இரண்டாவதைக் கேட்டு வாங்குவதே சரி.

சுவரில் தொங்கும் கோப்பையா, தரையில் நிற்பதா?

தொங்கும் கோப்பை இடத்தை மிச்சப்படுத்தும் என்று கடையில் சொல்வார்கள். கோப்பை மட்டும் பார்த்தால் உண்மை. அது 500 மி.மீ. சுமார்தான். ஆனால் ஃப்ளஷ் தொட்டியும் இரும்புச் சட்டமும் மறைய, சுவருக்கு முன்னால் 150 முதல் 200 மி.மீ. ஆழத்தில் ஒரு பொய்ச்சுவர் எழுப்ப வேண்டியிருக்கும். இரண்டையும் கூட்டினால் தரையில் நிற்கும் கோப்பை எடுக்கும் 650-700க்குத்தான் வந்து நிற்கிறோம். தொட்டி தடித்த சுவருக்குள்ளேயே அடங்கினால்தான் இடம் மிஞ்சும்.

அப்படியானால் அதற்கு ஏன் போக வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒன்று, அடியில் துடைப்பம் தடையில்லாமல் போகும். இன்னொன்று அடுக்கக வீட்டில் முக்கியமானது: தொங்கும் கோப்பையின் கழிவு தரையைத் துளைக்காமல் சுவர் வழியாகக் கிடைமட்டமாக வெளியேறுகிறது. டக்ட் அந்தச் சுவருக்குப் பின்னாலேயே இருந்தால், ஸ்லாபில் கோப்பைக்கென்று ஓட்டையே தேவைப்படாது. பின்னாளில் கசிந்தாலும் கீழ்வீட்டுக் கூரையில் கறை விழும் வாய்ப்பு குறைகிறது. பி ட்ராப் வகைத் தரைக் கோப்பையிலும் இந்த நன்மை கிடைக்கும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. கழிவு பின்பக்கமாகப் போவது பி ட்ராப், கீழ்நோக்கி இறங்குவது எஸ் ட்ராப். எஸ் ட்ராப் வாங்கினால் சுவரிலிருந்து குழாய்த் துளையின் நடு வரைக்குமான தூரத்தை டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து அளந்து, அதற்குப் பொருந்தும் கோப்பையை வாங்க வேண்டும். பூச்சுக்கு முன் அளந்த அளவை நம்பி வாங்கினால், கோப்பை உட்கார இடம் போதாது.

தொங்கும் கோப்பை பாரம் தாங்குமா என்ற பயம் பரவலாக இருக்கிறது. அதற்கான சட்டங்கள் 400 கிலோ பாரத்துக்குச் சோதிக்கப்பட்டு வருகின்றன. சட்டம் தரையிலும் சுவரிலும் சரியாகப் பூட்டப்பட்டிருந்தால் பாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தொட்டியின் உள்பாகங்களை ஃப்ளஷ் பொத்தான் பலகையைக் கழற்றி அந்தத் துளை வழியாகவே மாற்றலாம். அந்தப் பாகங்கள் பத்து வருடம் கழித்தும் கிடைக்குமா என்பதைத்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அது நிச்சயமில்லாத இடத்தில் பி ட்ராப் தரைக் கோப்பையே புத்திசாலித்தனம்.

கதவு, காற்று, மின்சாரம்

கதவு வெளிநோக்கித் திறக்கட்டும், அல்லது நகரும் கதவாக இருக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மேலேயே விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை வெளியிலிருந்து திறக்க முடியாமல் போகும். இந்த ஒரு காரணமே போதும். கூடவே, ஐந்து அடி அறையில் கதவு சுழலும் இடமும் மிச்சமாகும். வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுவதும் நல்லது.

ஜன்னல் இருந்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். அமெரிக்காவின் ஆஷ்ரே 62.2 தரம், தேவைப்படும்போது மட்டும் ஓடும் குளியலறை ஃபேனுக்கு நிமிடத்துக்கு 50 கன அடியை, அதாவது மணிக்குச் சுமார் 85 கன மீட்டரைக் குறைந்த அளவாக வைக்கிறது. ஃபேனை ஷவர் பக்கம் வையுங்கள். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். உள்ளே காற்று வர வழியில்லாமல் ஃபேன் எதை வெளியேற்றும்?

மின்சாரத்தில் சமரசமே கூடாது. சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60364-7-701 குளியல் பகுதியைச் சுற்றி மண்டலங்களை வகுத்திருக்கிறது. தொட்டியோ தட்டோ இல்லாத திறந்த ஷவரில், நீர் வரும் இடத்திலிருந்து 1.2 மீட்டர் தூரம் வரை, 2.25 மீட்டர் உயரம் வரை ஈர மண்டலம். அதற்குள் பிளக் பாயின்ட் வரக் கூடாது. வரிசை அமைப்பில் பேசின் கதவருகே இருப்பதால் ஷேவருக்கும் ஹேர் டிரையருக்குமான பாயின்ட் தானாகவே தூரத்தில் அமைந்துவிடுகிறது. குளியலறைச் சுற்று முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின் பாதுகாப்பு இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

கீசரை ஷவருக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. 15 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டரில் 0.18 லிட்டர் பிடிக்கும். 10 மீட்டர் தள்ளி வைத்தால் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 2 லிட்டர் ஆறிய தண்ணீர் முதலில் வீணாக ஓடும். 25 லிட்டர் கீசர் என்றால் தண்ணீரே 25 கிலோ. இலகுக் கட்டிகளாலான சுவரில் அதற்கேற்ற பிடிமானம் வேண்டும். கோப்பைக்கு நேர் மேலே, எட்டிப் பராமரிக்க முடிகிற உயரம் என்பது பெரும்பாலான சின்ன குளியலறைகளில் சரியான இடம்.

அதே சுவர்களில் கைப்பிடிக் கம்பிக்கும் இப்போதே ஏற்பாடு செய்துவிடலாம். இன்று தேவையில்லாமல் இருக்கலாம். கோப்பையின் பக்கச் சுவரிலும் ஷவர் சுவரிலும் கெட்டியான கான்கிரீட் பட்டையோ கனமான பிளைவுட்டோ பூச்சுக்கு முன் புதைத்துவிட்டால், என்றைக்கு வேண்டுமானாலும் கம்பியைத் திருகிக்கொள்ளலாம். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைச் செய்ய ஆசைப்பட்டால் சுவரை உடைக்க வேண்டும்.

அப்படியானால் எது?

அகலம் ஐந்து அடி, கதவு குறுகிய சுவரில், வீட்டில் இன்னொரு குளியலறையும் உண்டு என்றால் தயங்காமல் வரிசை அமைப்பு, ஒற்றைக் கண்ணாடி, நீள வடிகால். அகலம் ஆறு அடியைத் தாண்டினாலோ கதவு நீளச் சுவரில் வந்தாலோ எதிரெதிர் அமைப்பு. நாலைந்து பேருக்கு ஒரே குளியலறை, நீளச் சுவருக்கு வெளியே நடைவழியும் இருக்கிறது என்றால் தனித்தனி. கோப்பை கடைசியில் வரும் அமைப்பை, குழாயை நகர்த்தவே முடியாது என்று பிளம்பரும் கட்டடப் பொறியாளரும் சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொள்வேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், தளத்தை நிரப்புவதற்கு முன் ஒரு நாள் அங்கே போய்த் தரையில் சுண்ணக்கட்டியால் உண்மை அளவில் வரைந்து பாருங்கள். வீட்டில் உயரமானவரையும் முதியவரையும் கூட்டிப் போங்கள். கோப்பை இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். ஷவர் கட்டத்துக்குள் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றச் சொல்லுங்கள். கதவைத் திறப்பதுபோல் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். 5 செ.மீ. பற்றாக்குறை காகிதத்தில் தெரியாது, இங்கே தெரிந்துவிடும்.

பிறகு, நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்து காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுக் கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். ஷவர் பகுதியில் அந்தப் பூச்சு ஆள் உயரம் வரை சுவரில் ஏறியிருக்க வேண்டும். சுவர்களையும் தரையையும் டைல்ஸ் மூடுவதற்கு முன், அளவு நாடாவைப் பக்கத்தில் விரித்து வைத்து எல்லாக் குழாய்களையும் ஒயர்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கண்ணாடி மாட்டத் துளை போட வரும் தொழிலாளிக்கு அந்தப் படத்தைக் காட்டினால், எந்த இடத்தில் துளைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.